சித்தப்பாவின் ‘பாபி’ பைக்... பெயின்ட் அடிக்காமல் விற்ற கதை!

திருவண்ணாமலை அவலூர்ப்பேட்டை சாலையில் இருக்கிறது சித்தி வீடு. அந்த வீட்டின் பின்கட்டை இந்த வருடம் இடித்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஓடு சரிந்து, மழைக்கு ஒழுகி, பாம்பு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார் சித்தி.

சித்தப்பா மல்லாட்டை கமிஷன் மண்டி வைத்திருந்தவர். அவர் காலமாகி 6 வருடம் ஆகிறது. பின்கட்டில் கிடந்ததெல்லாம் அவர் சேர்த்து வைத்தவைதான். பழைய தராசு, கோணி, ரேடியோ என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். கோணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு குட்டி பைக் நின்றுகொண்டிருந்தது. இரண்டு டயரும் மண்ணோடு ஒட்டிப் போயிருந்தன. சீட்டின் ரெக்சினை எலி கடித்திருந்தது. டேங்க்கில் சிவப்பு நிறம் பாதி, துரு பாதி.

பழைய இரும்பு வாங்குபவர் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். “எடை போட்டா தேறாதும்மா. உங்களுக்காக 1,800 தர்றேன்” என்றார்.

சென்னையில் வேலை பார்க்கும் சித்தியின் மகன் வேறு யோசனை சொன்னான். “அண்ணே, ஒரு 15 ஆயிரம் செலவு பண்ணி பெயின்ட் அடிச்சு, பளபளன்னு ஆக்கிடலாம். பழைய வண்டிக்கு இப்ப நல்ல விலை.”

வீட்டு வேலைக்குப் பணம் தேவைப்பட்டது. 1,800-க்கும் கொடுக்க மனசில்லை. 15 ஆயிரம் போடவும் கையில் இல்லை. கடைசியில் செங்கம் சாலையில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். வயது 70-ஐத் தாண்டியவர். கோணியை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“பாபி வண்டி! இதை யாரும் கழுவக்கூட கழுவாதீங்க. அப்படியே இருக்கட்டும்” என்றார்.

சினிமா கொடுத்த பேர்

வண்டியின் உண்மையான பெயர் ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. தயாரித்தது எஸ்கார்ட்ஸ் நிறுவனம். போலந்து நாட்டின் எஸ்.ஹெச்.எல். மோட்டார் சைக்கிளை அடிப்படையாக வைத்து இவர்கள் செய்த பெரிய ராஜ்தூத் 175, வட இந்தியாவில் பால்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் உழைத்த வண்டி. அதே 173 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினையும் மூன்று கியரையும் ஒரு குட்டி உடம்பில், சின்னச் சக்கரங்களோடு பொருத்தினால் அதுதான் ஜி.டி.எஸ்.

1973 செப்டம்பரில் ராஜ் கபூர் இயக்கிய ‘பாபி’ படம் வெளிவந்தது. ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் வீட்டை விட்டு ஓடிப்போவது இந்தக் குட்டி வண்டியில்தான். அதன்பிறகு ஜி.டி.எஸ். என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. ‘பாபி பைக்’ என்றே ஊர் முழுக்கப் பேச்சு. இதில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. ராஜ் கபூரின் மகள் ரிது வாழ்க்கைப்பட்டது எஸ்கார்ட்ஸ் நிறுவனரின் குடும்பத்தில். சம்பந்தி வீட்டு வண்டிதான் படத்தில் ஓடியது!

இப்படிக் குட்டி பைக் செய்யும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1961-ல் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்காக 49 சி.சி.யில் ஒரு குட்டி வண்டி செய்தது. அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஓட்டுபவரைப் பார்த்தால் குரங்கு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்பதால் அதற்கு ‘மங்கி’ என்றே பெயர் நிலைத்தது. நம் ஊரில் அந்த வரிசைக்கு வந்தது பாபி.

“உங்க சித்தப்பா படத்தை வேலூர்ல பார்த்துட்டு வந்து, இந்த வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாராம். கல்யாணமான புதுசுல என்னைக் கிரிவலம் இட்டுனு போனது இதுலதான். நடந்து சுத்த வேண்டிய 14 கிலோமீட்டரை வண்டியில சுத்தினோம்னு உங்க பாட்டி ஒரு மாசம் பேசல” என்று சிரித்தார் சித்தி.

வண்டி பின்கட்டுக்குப் போனதற்குக் காரணமும் சித்திக்குத் தெரியும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். மூட்டை ஏற்ற இடமில்லை. ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல். மண்டிக்காரருக்கு அதுதான் தோதான வண்டி. பாபி விசேஷ நாட்களுக்கு மட்டும் என்றாகி, உதிரி பாகம் கிடைக்காமல் 1994-ல் ஓரேடியாக நின்றுவிட்டது.

ஏன் கழுவக்கூடாது?

பெரியவர் சொன்ன விளக்கம் எளிமையானது. “பெயின்ட் அடிச்சுட்டா, உள்ள ஓட்டை இருக்கா, எங்க வெல்டிங் பண்ணியிருக்குன்னு வாங்குறவனுக்குத் தெரியாது. எதையோ மறைக்கிறாங்கன்னு நினைப்பான். தெரிஞ்சவன் வாங்க வந்தா, துருவைப் பார்த்துத்தான் விலை சொல்வான். கம்பெனி அடிச்ச பெயின்ட், கம்பெனி போட்ட போல்ட்டு... இதெல்லாம் போனா போனதுதான். திரும்ப வராது.”

புதுப்பிப்பவர்களுக்கு அந்தப் பாதிச் சிவப்பு ஒரு மாதிரி. சரியான நிறம் எது, கோடு எங்கே போகிறது, ஸ்டிக்கர் எந்த உயரத்தில் என்று அதைப் பார்த்துத்தான் அளவெடுப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் அந்த மாதிரி அழிந்துபோகும்.

அவர் கிக்கரையும் உதைக்க விடவில்லை. முப்பது வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று உதைத்தால் ரிங் உடையும், கியர் பல் தேயும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு, மறுபடி மூடி வைத்தார். “அவ்வளவுதான் நம்ம வேலை. மிச்சத்தை வாங்குறவன் பார்த்துக்கட்டும்.”

தூசியை மட்டும் காய்ந்த துணியால் தட்டினோம். பின்கட்டை மறுபடி சலித்ததில் ஒரு பால் பவுடர் டப்பாவில் கார்புரேட்டர் மூடி, இரண்டு கேபிள், ஒரு பழைய ஹெட்லைட் வளையம் கிடைத்தன. எது எதற்கு என்று புரியாவிட்டாலும் அத்தனையையும் ஒரே பையில் போட்டு வண்டியோடு வைத்தோம். நமக்குக் குப்பை, தேடி அலைபவருக்குச் சென்னை புதுப்பேட்டையிலும் கிடைக்காத பொருளாக அது இருக்கலாம்.

பீரோவில் கிடைத்த ஆர்.சி. புக்

“வண்டி பாதி, காகிதம் பாதி” என்றார் பெரியவர். சித்தி பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளோடு, ஆர்.சி. புக் இருந்தது. 1975-ல் பதிவான வண்டி. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை; வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது 1989-ல்தான். எனவே டி.என். 25 வருவதற்கு முந்தைய பழைய எண். கடைசியாகப் புதுப்பித்தது 1990-ல். அந்தக் கெடு 1995-ல் முடிந்துவிட்டது.

இங்கேதான் பல வீடுகளில் சிக்கல். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. சாதாரண விற்பனைக்குப் படிவம் 29-ம் 30-ம். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. ஆனால், அதற்கு வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது?

அதனால் எங்களால் முடிந்ததைச் செய்தோம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து, மகனும் மகளும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். வண்டி ஓடாது, பதிவுக் கெடு முடிந்தது, சரிசெய்து புதுப்பித்துப் பெயர் மாற்றுவது வாங்குபவர் பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுத முடிவு செய்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், எந்தக் காகிதம் முதலில், எது பிறகு என்பதை உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. 50 வருடத்தைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். தினசரி ஓட்ட முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருந்தால் இந்தத் தகுதி போய்விடும். ‘கழுவாதீங்க’ என்று பெரியவர் சொன்னதன் மதிப்பு எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

உள்ளதை உள்ளபடி...

விளம்பரத்தைச் சித்தியின் மகன்தான் எழுதினான். முதலில் ‘நல்ல கண்டிஷன், சிறு வேலை மட்டும்’ என்று எழுதியிருந்தான். சித்தி அதை அடிக்கச் சொன்னார். “நாளைக்கு ஒருத்தன் ஓசூர்லேர்ந்தோ சேலத்துலேர்ந்தோ வண்டிச் செலவு பண்ணிட்டு வந்து நம்ம வாசல்ல நின்னு ஏமாறக்கூடாது.”

கடைசியில் போன விளம்பரம் இப்படி இருந்தது: ‘1975 பாபி பைக். 1994 முதல் ஓடவில்லை. இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்கவில்லை. சைலன்சர் ஓட்டை. சைடு கவர் ஒன்று இல்லை. டேங்க் உள்ளே துரு. ஆர்.சி. புக் அசல் உள்ளது. புதுப்பிக்க விரும்புபவருக்கு மட்டும்.’ பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் எடுத்த படங்கள், துருவைக் கிட்டத்தில் காட்டும் படங்கள் என்று மொத்தம் 12. இன்ஜின் எண், சேஸிஸ் எண் படங்களை மட்டும் பொதுவில் போடவில்லை. நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

முதல் நாளே ஒருவர் பேரம் பேசாமல் முழுத் தொகைக்கு ஒப்புக்கொண்டார். ‘ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது. கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்றார். பழைய மோசடி இது. பணம் வாங்க நாம் பின் நம்பர் போடவே தேவையில்லை. போட்டால் நம் பணம்தான் போகும். அழைப்பைத் துண்டித்தோம்.

வந்தவர்கள் மூன்று பேர்

நேரில் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு வண்டி வேண்டாமாம், ஆர்.சி. புக்கும் எண் பொறித்த சேஸிஸ் துண்டும் போதும் என்றார். வேறொரு வண்டிக்கு இந்த அடையாளத்தை மாட்டும் திட்டம். அது குற்றம். நாளைக்கு அந்த வண்டி எதிலாவது சிக்கினால் போலீஸ் தேடி வரும் முகவரி சித்தி வீடு. வாசலோடு அனுப்பினோம்.

இரண்டாமவர் உணவகம் கட்டுகிறவர். சுவரில் மாட்டி, விளக்குப் போட்டு அலங்கரிப்பாராம். நாங்கள் கேட்டதைவிட 5,000 கூடவே தருவதாகச் சொன்னார்.

மூன்றாமவர் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து அரைமணி நேரம் பார்த்தார். டப்பாவில் இருந்த கார்புரேட்டர் மூடியைக் கண்டதும், “இதைத்தான் ரெண்டு வருஷமா தேடுறேன்” என்றார். அவரால் தர முடிந்தது நாங்கள் கேட்டதைவிட 4,000 குறைவு.

ஆக, இரண்டு பேருக்கும் நடுவே 9,000 ரூபாய். வீடு கட்டும் நேரத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஒரு வார மேஸ்திரிக் கூலி. சித்தி உள்ளே போய்விட்டார். காபியோடு திரும்பி வந்து லேத்காரரிடம் ஒரே கேள்வி கேட்டார்: “ஓடுமா தம்பி?”

“சத்தியம் பண்ண முடியாதும்மா. இன்ஜினைப் பிரிச்சாதான் தெரியும். ஓட வைக்கத்தான் வாங்குறேன்.”

“ஓடும்னு அடிச்சுச் சொல்லியிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்” என்றார் சித்தி. வண்டி அவருக்கே போனது. விலை எவ்வளவு என்று எழுதக் கூடாது என்பது சித்தியின் உத்தரவு. இரும்புக்காரர் சொன்னதைவிடப் பல மடங்கு. பின்கட்டுச் சுவர் எழும்பப் போதுமானது.

முத்திரைத்தாளில் இன்ஜின் எண், சேஸிஸ் எண், ஒப்படைத்த தேதி, நேரம் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கியவரின் அடையாள அட்டை நகலையும் எல்லாக் காகிதங்களின் நகலையும் வாங்கி வைத்தோம். பாபி குட்டியானையில் ஏறி, செங்கம் சாலை வழியாக ஓசூர் புறப்பட்டது. சித்தி தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. மேஜை மேல் பிரித்துப் போட்ட இன்ஜின். ‘பிஸ்டன் ஒட்டியிருந்தது. ஆயில் விட்டிருந்ததால் உடையாமல் கழன்றுவிட்டது’ என்று எழுதியிருந்தார். பெரியவருக்கு அதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது சித்தி கையில் ஒரு சின்னச் சாவி அகப்பட்டது. பாபியின் இன்னொரு சாவி. “இதை நாம வச்சு என்ன பண்ண? அவனுக்கு அனுப்பிடு கண்ணு” என்றார். கூரியரில் அனுப்பிவிட்டேன்.