அயல்நாட்டு ஊதியம் ஊர் வந்து சேரும் வழி

மணியார்டர் காலத்தை நம் கிராமத்துப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டணத்தில் உழைத்த மகன் அனுப்பிய தொகையைத் தபால்காரர் வீட்டு வாயிலில் எண்ணிக் கொடுப்பார். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் என்பதை அனுப்பியவரும் அறிவார், பெற்றவரும் அறிவார். உடன் வந்த துண்டுச் சீட்டோ, பணம் யாரிடமிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாக விளங்கிற்று.

இன்று மகன் வீட்டிலேயே இருக்கிறான். அவனது உழைப்பு கடல் கடந்து செல்கிறது. கணிப்பொறியின் துணைகொண்டு அயல்நாட்டாருக்குப் படம் வரைந்து கொடுப்போரும், கணக்கு எழுதுவோரும், மொழிபெயர்ப்போரும் நம் கிராமங்களில் தோன்றியுள்ளனர். வேலையைக் கற்பதில் காட்டும் ஊக்கத்தை, கூலி வந்து சேரும் வழியை ஆராய்வதில் இவர்களிற் பலர் காட்டுவதில்லை. ஆகவே அதனை இங்குச் சற்று விளக்குவோம்.

வழிகள் மூன்று

முதலாவது, பாங்கிலிருந்து பாங்குக்கு நேரே வருவது. 1973-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் அமைப்பின் வாயிலாகப் பாங்குகள் தமக்குள் செய்தி அனுப்பிக் கணக்கை நேர் செய்கின்றன. இடையில் வேறொரு பாங்கு நின்றால், அதுவும் தன் கூலியைக் கழித்துக்கொள்வதுண்டு.

இரண்டாவது, 1998-இல் தோன்றிய பேபால் போன்ற இணையவழி நிறுவனங்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்றிருந்தால் வாடிக்கையாளர் எளிதில் பணம் செலுத்தலாம்.

மூன்றாவது, 2005-இல் தொடங்கப்பட்ட பயோனீர் போன்றவை. இவை அயல்நாட்டிலேயே பணம் பெறுவதற்குரிய கணக்கு விவரங்களை நமக்கு அளித்து, அங்குச் சேர்ந்த தொகையை ரூபாயாக்கி நம் பாங்குக்கு அனுப்புகின்றன.

கழிவைக் கணக்கிடும் முறை

கழிவுகள் இருவகைப்படும். ஒன்று, கட்டணம் என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவது. மற்றொன்று, டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையினும் குறைத்துக் கொடுப்பது. இரண்டாவதே பலர் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

கணக்கின் எளிமைக்காக டாலர் ஒன்றுக்கு 80 ரூபாய் எனக் கொள்வோம். பாங்கு வழியில் இடைக்கழிவு 20 டாலர், மாற்று விலையில் நூற்றுக்கு 1 குறைவு, உள்ளூர்க் கட்டணம் ரூ. 300 என வைத்துக்கொள்வோம். இணைய நிறுவனத்தின் வழியில் கட்டணம் நூற்றுக்கு 4, மாற்று விலையில் நூற்றுக்கு 3 குறைவு என்போம்.

50 டாலர் கூலி ரூ. 4,000 பெறும். பாங்கு வழியில் கைக்கு வருவது ரூ. 2,076, இணைய நிறுவனத்தின் வழியில் ஏறத்தாழ ரூ. 3,725. ஆனால் 5,000 டாலர் வருமாயின் நிலை தலைகீழாகிறது. பாங்கு வழியில் ரூ. 3,94,116-உம், மற்றதில் ரூ. 3,72,480-உம் வந்து சேரும். நிலையான கட்டணம் சிறு தொகையை விழுங்கும். விழுக்காட்டுக் கட்டணம் பெருந்தொகையை அரிக்கும். சிறு கூலிகளைச் சேர்த்து மாதம் ஒருமுறை பெறுவது பாங்கு வழியில் இலாபம் தருவதும் இதனாலேயே.

எனவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், இத்தனை டாலருக்கு எத்தனை ரூபாய் பாங்கில் வரவாகும் என்று கேட்பதே முறை. முதற் கூலியைக் கொண்டே இதனைச் சோதித்துக் குறித்துக்கொள்ளலாம்.

சான்றும் பாதுகாப்பும்

பழைய துண்டுச் சீட்டின் இடத்தில் இன்று அயல்நாட்டு வரவுச் சான்று இருக்கிறது. எவ்வகைப் பணிக்காகப் பணம் வந்தது என்பதற்குக் குறியீடும் உண்டு. மென்பொருள் ஆலோசனைப் பணிக்குரியது பி0802 ஆகும். சேவை ஏற்றுமதிக்குச் சரக்கு, சேவை வரியில் பூஜ்ய விகிதச் சலுகை உள்ளது. ஆயினும் ஊதியம் அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் பாங்கு அனுமதித்தவிடத்து ரூபாயாகவோ வந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். பாங்குக் கடன் நாடும்போதும் இச்சான்று துணை செய்யும். சான்று தர மறுக்கும் வழி, கட்டணம் குறைவாயினும் நமக்கு உகந்ததன்று.

பணம் வந்த பின்னும் திரும்பிச் செல்லக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பேபால் வழியில் பணம் செலுத்தியவர் 180 நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். ஆகவே ஒப்பந்தம், கடிதப் போக்குவரத்து, வேலையை ஒப்படைத்ததற்கான சான்று ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது அவசியம்.

நிறுவனங்களின் விதிகளும் மாறுகின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் நம் நாட்டின் உள்நாட்டுப் பட்டுவாடாவை நிறுத்தி, அயல்நாட்டு வாணிபத்தில் கருத்தைச் செலுத்தியது. எனவே இரு வழிகளை ஆயத்தமாக வைத்திருப்பது நலம். எல்லை கடந்த பட்டுவாடா செய்யும் இத்தகைய நிறுவனங்களை ரிசர்வ் பாங்கு 2023 அக்டோபரில் தன் நேரடி ஒழுங்குமுறையின் கீழ்க் கொண்டு வந்தது. புதிய நிறுவனத்தை நாடுமுன் அது அனுமதி பெற்றதா என்று பார்த்தல் வேண்டும்.

நண்பர் கணக்கில் பெற்றுக்கொள்வதும், முன்பின் அறியாதார் பணத்தை நம் கணக்கில் வாங்கிக் கமிஷனுக்காகப் பிறர்க்கு அனுப்புவதும் பெருந்தீங்கு. அது மோசடிப் பணமாயின் முடக்கப்படுவது நம் கணக்கே. குடும்பத்தின் சேமிப்பும் அதனுடன் சிக்கிக்கொள்ளும்.

விளைந்த நெல்லைக் களத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பும் உழவர் எவருமில்லர். அளந்து, மூட்டை கட்டி, வீடு சேர்த்த பின்னரே அவர் இளைப்பாறுகிறார். இணையத்தில் உழைக்கும் நம் இளைஞர்களும் வேலையை ஒப்புக்கொள்ளுமுன்பே கூலி வரும் வழியை முடிவு செய்துகொள்வார்களாக. அவர்தம் உழைப்பின் பயன் குறைவின்றி ஊர் வந்து சேர அதுவே வழி.