சேவையும் ஒரு பாடமாகட்டும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் பள்ளிகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பிடி அரிசி, சோப்பு, துணி என்று கொண்டுவருகிறார்கள். ஆசிரியர்கள் அவர்களை முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். பாட்டு, கேக், புகைப்படம். மாலைக்குள் எல்லாரும் வீடு திரும்பிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், அங்கிருந்த பாட்டி ஏன் அங்கே வந்தார் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதா? அடுத்த மாதம் அவரைப் பார்க்க யாராவது போனார்களா?

கல்வியாளர்கள் 'சேவைவழிக் கற்றல்' என்று சொல்வது இந்த இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. செய்த பணியைப் பற்றிச் சிந்திப்பது ஒன்று. அதே இடத்துக்குத் திரும்பிப் போவது மற்றொன்று.

நமக்கு இது புதிதல்ல. இறுதி இராவுணவில் இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவினார். பின்பு மீண்டும் பந்தியில் அமர்ந்து, தாம் செய்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்ததா எனக் கேட்டார் (யோவான் 13). முதலில் செயல், அடுத்து அதைப் பற்றிய உரையாடல்.

நம் தாமிரபரணியை எடுத்துக்கொள்வோம். பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஒரு சனிக்கிழமை மாணவர்கள் படித்துறையில் குப்பை பொறுக்கினால் அது சேவை. பொறுக்கியதைத் தரம் பிரித்து எடைபோட்டு, கணக்கு வகுப்பில் அட்டவணையாக்கி, சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் சேர்கிறது என்று அறிவியல் ஆசிரியருடன் நடந்து பார்த்து, தமிழ் வகுப்பில் உள்ளாட்சிக்கு மனு எழுதினால் அது கல்வியும் ஆகிறது.

திரும்பத் திரும்பப் போவதற்கும் நம் பகுதியிலேயே முன்மாதிரி உண்டு. மணிமுத்தாறில் 'ஏட்ரீ' நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் குளக்கரையில் நின்று பறவைகளை எண்ணுகிறார்கள். ஓர் ஆண்டுக் கணக்கு வெறும் எண். பல ஆண்டுக் கணக்குதான் குளத்தின் நிலையைச் சொல்லும்.

படிப்போடு சமூகப் பணியும் வேண்டும் என்று 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் அது இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி மாணவர்கள் 'ஸ்டாண்ட்' திட்டத்தின் வழியாகச் சுற்றுப்புற ஊர்களுக்குச் செல்கிறார்கள். ஆனால் பல பள்ளிகளில் ஏழு நாள் முகாம் முடிந்ததும் எல்லாம் முடிந்துபோகிறது. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாறுதலாகிப் போனால் பணியும் அவரோடு போய்விடுகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும், அவரைக் காக்க முயன்ற தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, எல்லாப் பிரிவு மாணவரும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

ஒரே சீருடை அணிவதால் மட்டும் பிள்ளைகள் ஒன்றாகிவிடுவதில்லை. ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து உண்ணும்போது ஒருவர் மற்றவரை அறிகிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு தெருப் பிள்ளைகள் கொடுப்பவர்களாகவும் மறு தெருப் பிள்ளைகள் வாங்குபவர்களாகவும் மட்டுமே இருந்தால், நம் சேவையே பிரிவினையை வளர்க்கும். எனவே குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கட்டும். அவ்வூர் மக்களுக்கு என்ன தேவை என்று முதலில் அவர்களிடமே கேட்கட்டும்.

நிலைக்கச் செய்யும் வழிகள் கடினமானவை அல்ல. கால அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளை. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரே ஊர் அல்லது ஒரே குளம். கண்டதையும் கற்றதையும் எழுத ஒரு நோட்டு. ஒருவர் போனாலும் தொடர்ந்து நடத்த இரண்டு மூன்று ஆசிரியர்கள். பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. "மார்க் எவ்வளவு?" என்று கேட்கும் பள்ளிக் கூட்டத்தில், "எங்கள் பிள்ளைகள் இந்த ஆண்டு யாரிடம் போனார்கள்? மறுபடி எப்போது போவார்கள்?" என்றும் கேட்போம்.

நல்ல சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. திரும்பி வருவதாகவும் சாவடிப் பொறுப்பாளரிடம் சொல்லிச் சென்றார். நம் பள்ளிகளும் அப்படிச் சொல்லிப் பழகட்டும்.