தங்கத்தைக் கரைத்த உப்பு

கோலார் தங்கவயலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்று போன்ற மண்மேடுகள் தெரியும். "சயனைடு மேடு" என்று ஊர் மக்கள் சொல்வார்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பகுதிகளில் இருந்து பிழைக்க வந்த தமிழர்கள் பல தலைமுறையாகப் பாறையை வெட்டி மேலே அனுப்பினார்கள். அதை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய கழிவுதான் இந்த மேடு.

சயனைடுக்கு அங்கே என்ன வேலை?

சோடியம் சயனைடு கொடிய விஷம். ஆனால் பார்வைக்குச் சமையல் உப்பு போலவே வெள்ளையாக இருக்கும். குணத்திலும் அது உப்பு இனம்தான். இரண்டிலும் நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. அதனால்தான் சமையல் உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. சயனைடு 564 டிகிரியில் உருகும். கட்டியாக இருக்கும்போது மின்சாரம் பாயாது. சுத்தியால் தட்டினால் வளையாது, நொறுங்கும்.

தண்ணீர் பட்டாலோ அந்தப் பிடி விட்டுப் போகும்! அயனிகள் தனித்தனியே பிரிந்து கரைந்துவிடும். கரைசலில் மின்சாரமும் பாயும்.

இந்தக் கரையும் குணம்தான் தங்கவயலுக்குக் கைகொடுத்தது. ஸ்காட்லாந்தில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-ல் கண்ட முறை இது. அரைத்த பாறைத் தூளில் லேசான சயனைடு கரைசலைச் சேர்த்து, காற்றும் படும்படி செய்தால், தங்கம் கரைந்து வந்துவிடும். அதில் துத்தநாகத்தைப் போட்டால் தங்கம் மீண்டும் பொடியாகப் படியும். கரைசலில் அமிலம் சேர்ந்தால் உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு கலப்பார்கள்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மேட்டில் இருந்த சயனைடு என்ன ஆகும்? வெயிலிலும் காற்றிலும் அது நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். மழையிலும் கரைந்து போகும்.

மிஞ்சுவது பாறைத் தூள். அதில் உள்ள சிலிக்கா உப்பு இனம் அல்ல. அதன் அணுக்கள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. தண்ணீரில் கரையாது. மூச்சோடு உள்ளே போகும் நுண்தூள் நுரையீரலிலும் கரையாமல் தங்கி, அதைத் தழும்பாக்கிவிடும். சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய சிலிகோசிஸ் நோய் இப்படி வந்ததுதான்.

13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தந்தது. மேட்டைத் தோண்டினால் தூசி கிளம்பும். "வேலை கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: தூசி பறக்காமல் தண்ணீர் தெளிப்பார்களா? முகமூடி தருவார்களா? ஆண்டுதோறும் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களா?