சவ்வை எப்போது கழுவுவது?

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, செங்கற்பட்டு மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது நெம்மேலி. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை இங்கு 2013-இல் தொடங்கப்பட்டது. 15 கோடி லிட்டர் ஆலை 2024-இல் சேர்ந்தது. இந்த நீர் சென்னைக்குச் செல்கிறது.

கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 27 வளிமண்டலம். இதனை வென்று, 60 வளிமண்டல அளவில் அழுத்தினால், உப்பு தங்கிவிட, நீர் மட்டும் மெல்லிய சவ்வைக் கடந்து வரும். ஆனால் நாளடைவில் நுண்ணுயிர்களும் படிவுகளும் சவ்வை அடைக்கின்றன. அதே அளவு நீர் பெற மேலும் அழுத்த வேண்டும், மின்செலவு ஏறும். வேதிப்பொருள்களால் கழுவலாம். ஆனால் கழுவி முடியும்வரை அந்தத் தொகுதி நீர் தராது.

அப்படியானால் எப்போது கழுவுவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருமுறை கழுவ ரூ. 1,80,000 ஆவதாகவும், அடைப்பினால் கூடும் மின்செலவு நாளுக்கு நாள் ரூ. 100 வீதம் ஏறுவதாகவும் கொள்வோம். 30 நாளுக்கு ஒருமுறை கழுவினால், கழுவும் செலவு நாளொன்றுக்கு ரூ. 6,000, மின் இழப்பு சராசரியாக ரூ. 1,500, ஆக ரூ. 7,500. 120 நாள் பொறுத்தால் முறையே ரூ. 1,500, ரூ. 6,000, மீண்டும் அதே ரூ. 7,500! 60 நாளானால் இரண்டும் ரூ. 3,000, மொத்தம் ரூ. 6,000 தான். இந்தக் கணக்கில் இரு செலவுகளும் சமமாகும் இடமே சிக்கனமான இடம்.

மெய்யான ஆலையில் கணக்கு இவ்வளவு எளிதன்று. படிவு இறுகிவிட்டால் கழுவினாலும் போகாது. சவ்வையே மாற்ற நேரும். ஆகவே அழுத்தத்தையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் குறித்து வர வேண்டும். ஓட்டம் 10 விழுக்காடு அளவு குறைந்ததும் கழுவிவிடுவது பொது வழக்கம்.

உங்கள் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதற்கும் இதே கணக்குப் பொருந்தும். போட்டுப் பாருங்களேன்!