சாமி கும்பிட்டதற்கு ஒரு செம்முத்திரை

கார்த்திகை முதல் தேதி பிறந்துவிட்டால் தென்காசி – செங்கோட்டைச் சாலையில் வேன்களின் வரிசை தொடங்கிவிடும் என்பது நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குற்றாலத்தில் ஒரு குளியல், குற்றாலநாதர் தரிசனம், பிறகு புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியாகச் சபரிமலை. திரும்பும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, துண்டு, எண்ணெய் என்று ஒரு சுற்றுக் கொள்முதல். இந்தச் சாமிமார்களில் சிலர் மலையிலிருந்து இறங்கும்போது இன்னொரு சின்னப் பொருளையும் நனையாமல் கசங்காமல் கொண்டு வருவார்கள். அது சந்நிதானத் தபால் நிலையத்தின் முத்திரை குத்திய அஞ்சலட்டை.

சபரிமலைச் சந்நிதானத்தில் ஒரு தபால் நிலையம் உண்டு. மண்டல, மகரவிளக்குக் காலத்தில்தான் அது முழுமூச்சாக இயங்கும். அதன் பின்கோடு 689713. அது ஐயப்பனின் பின்கோடு என்றே பக்தர்கள் சொல்வார்கள். மற்றத் தபால் நிலையங்களில் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஊர்ப் பெயரும் தேதியும்தான் இருக்கும். இங்குள்ள முத்திரையிலோ பதினெட்டாம் படியும் அதன்மேல் ஐயப்பன் உருவமும் இருக்கும். காலம் முடிந்ததும் அந்த முத்திரைக் கட்டையைக் கீழே கொண்டுபோய்த் தபால் துறையின் பாதுகாப்பில் வைத்துவிடுகிறார்கள். மறு வருஷம் நடை திறக்கும்போது மீண்டும் மேலே வரும். கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேச அழைப்பு, வேண்டுதல் கடிதம் எல்லாம் ஐயப்பன் பெயருக்கே அங்கே வந்து குவியும். மலையேறியவர்களோ தங்கள் வீட்டு விலாசத்துக்குத் தாங்களே ஓர் அட்டை எழுதி, முத்திரை குத்தி அனுப்பிக்கொள்வதுண்டு. அட்டைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் அதைப் பூஜையறையில் சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஆகும் செலவைக் கண்ணாடிக் கடைக்காரர்கள் அறிவார்கள்.

இதே சங்கதியை ஒரு தேசம் முழுவதும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால், அது ஜப்பான்.

அங்கே ஷிந்தோ ஆலயங்கள் ஏறத்தாழ 80 ஆயிரம். பௌத்தக் கோயில்களும் அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. இவற்றில் ஆயிரக்கணக்கான இடங்களில் சாமி கும்பிட்டவருக்கு 'கோஷுஇன்' என்னும் செம்முத்திரை கொடுக்கிறார்கள். கெட்டித் தாளை விசிறிபோல் மடித்த ஒரு புத்தகத்தைப் பக்தர் கையோடு கொண்டு போவார். தரிசனம் முடிந்தபின் கோயில் அலுவலகத்தில் அதை நீட்டினால், அங்குள்ள பூசாரியோ எழுத்தரோ சிவப்பு மையில் முத்திரையை அழுத்தி, அதன்மேல் தூரிகையைக் கருப்பு மையில் தோய்த்துக் கோயிலின் பெயர், மூர்த்தியின் பெயர், 'பணிந்து வணங்கினார்' என்ற பொருள் தரும் இரண்டெழுத்து, அன்றைய தேதி ஆகியவற்றைக் கையால் எழுதித் தருவார். மை காயும்வரை ஒற்றுத்தாள் வைத்து மூடிக் கொடுப்பார்கள். எழுதுகிற ஆளுக்கு ஆள் எழுத்து மாறும். ஆகவே ஒரே கோயிலுக்கு இரண்டு முறை போனாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இராது. காணிக்கை நெடுங்காலம் 300 யென்னாக இருந்தது. இப்போது பல இடங்களில் 500 யென். நம் கணக்கில் முந்நூறு ரூபாயை ஒட்டி வரும்.

முதலில் இது இப்படி இல்லை. அக்காலத்தில் பௌத்த சூத்திரத்தைத் தம் கையால் பிரதி எடுத்துக் கோயிலில் சமர்ப்பித்தவருக்கு, 'உமது பிரதி வந்து சேர்ந்தது' என்று கோயிலார் முத்திரையிட்டுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டுத்தான் கோஷுஇன்னின் மூலம். நம் பாஷையில் சொன்னால் வரவு ரசீது. நாளடைவில் பிரதி எடுப்பது குறைந்து, வந்து வணங்கினாலே போதும் என்று ஆயிற்று. சரக்கு நின்றுவிட்டது, ரசீது மட்டும் நிலைத்தது என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் ஜப்பானியர் அந்த ரசீதை எப்படி மதிக்கிறார்கள் என்று தெரிந்தால் கேலி செய்யத் தோன்றாது. ஷிகோகு தீவில் கோபோ தைஷி என்னும் மகானின் பெயரால் 88 கோயில்களைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்தால் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். எண்பத்தெட்டு முத்திரையும் நிரம்பிய புத்தகத்தை, அவர் இறந்தபின் அவருடைய சவப்பெட்டியிலேயே வைத்து வழியனுப்பும் வழக்கம் உண்டு. காசிக்குப் போய்வந்தவர் வீட்டில் கங்கைச் செம்பை உடைக்காமல் கடைசிக் காலத்துக்கென்று வைத்திருப்பதை அறிந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

எல்லாக் கோயிலும் இதற்கு உடன்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோதோ ஷின்ஷு என்ற பிரிவைச் சேர்ந்த கோயில்கள் பெரும்பாலும் முத்திரை கொடுப்பதில்லை. சில இடங்களில் வேறு பிரிவுக் கோயில்களின் முத்திரை கலந்த புத்தகத்தில் எழுத மறுப்பார்கள். கும்பிடாமல் நேரே முத்திரைக்கு வந்து நிற்பவரை எவரும் விரும்புவதில்லை.

நம் பத்திரிகையின் வாசகர்களுக்கு இனி வருவதுதான் முக்கியம். ஜப்பானின் வரிச் சட்ட நடைமுறையில் கோயில் விற்பனையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காப்புச்சீட்டு, தாயத்து, குறிச்சீட்டு போன்றவற்றின் அடக்க விலைக்கும் பக்தர் கொடுக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் காணிக்கையாகவே கருதப்பட்டால் அது வியாபாரம் ஆகாது, வரியும் இல்லை. ஆனால் ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, ஜெபமாலை, படத்தபால், முத்திரை வாங்கும் வெற்றுப் புத்தகம் ஆகியவற்றைக் கடைகளில் விற்கும் அதே விலையை ஒட்டி விற்றால், கோயிலே விற்றாலும் அது வியாபாரம்தான், வரி கட்ட வேண்டியதுதான். அதாவது புத்தகம் கடைச்சரக்கு என்று அரசாங்கமே வகுத்திருக்கிறது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அங்கே காகிதக் கடைகளும் பட்டுத்துணிக் கடைகளும் விதவிதமாக அட்டை போட்ட முத்திரைப் புத்தகங்களை விற்கின்றன. ஒரு புத்தகம் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் யென் என்பது சாதாரணம். புத்தகம் நிரம்பினால் அடுத்தது வாங்கத்தான் வேண்டும். அதற்குப் பை, உறை, ஒற்றுத்தாள் என்று பக்கச் சரக்குகள் வேறு.

ஸ்பெயினில் இன்னும் ஒரு படி மேலே. சாந்தியாகோ என்னும் ஊரிலுள்ள கிறிஸ்தவப் புனிதத் தலத்துக்கு நடந்து போகிறவர்கள் ஒரு யாத்திரை அட்டை வைத்திருப்பார்கள். வழிநெடுக அதில் முத்திரை சேர்க்க வேண்டும். கடைசி நூறு கிலோமீட்டரை நடந்ததற்கு அந்த முத்திரைகளே சாட்சி. அங்கே மாதாகோயில் மட்டுமல்ல, சத்திரமும் காப்பிக் கடையும்கூட முத்திரை வைத்திருக்கின்றன. முத்திரைக்காக நுழைகிறவர் ஒரு காப்பி குடிக்காமல் வெளியே போவதில்லை. விளம்பரச் செலவு என்று பார்த்தால் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு மை டப்பாவும்தான்.

நம்மூருக்கு வருவோம்.

குற்றாலத்துக் கடைக்காரரிடம் தொழில் எப்படி என்று கேட்டால், "அண்ணாச்சி, சாரல் மூணு மாசம், சாமி சீசன் ரெண்டு மாசம். மிச்ச நாளைக்குக் கடையைத் தொறந்தா கரண்டு பில்லுக்கே காணாது" என்பார். அதிலும் சாரல் நம் கையில் இல்லை. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை, தண்ணீர் வராவிட்டால் கூட்டமே இல்லை. 2020, 2021 கொரோனா காலத்தில் அருவிக்கரையை மாதக்கணக்கில் மூடியபோது, ஏலம் எடுத்தவரும் சரக்கு இறக்கியவரும் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. 2024 மே மாதம் பழைய அருவியில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் பலியானபோதும் அருவிகள் மூடப்பட்டன. உயிர் பெரிது, மூடியது சரியே. ஆனால் அருவி ஒன்றையே நம்பிய ஊருக்கு அருவி மூடினால் அடுப்பும் மூடுகிறது.

அருவியில் தண்ணீர் இல்லாத நாளிலும் குற்றாலநாதர் கோயில் திறந்துதான் இருக்கிறது. சங்கு வடிவில் அமைந்த கோயில், குறும்பலா மரம், மூலிகை வர்ணத்தில் சுவரோவியங்கள் நிறைந்த சித்திர சபை எல்லாம் எங்கும் போய்விடவில்லை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று இது என்பதை அருவிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அறிந்து வருகிறார்கள்? திருவாலங்காடு ரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை. ஐந்துக்கும் ஐந்து பக்கம் உள்ள ஒரு சிறு புத்தகம் கையில் இருந்து, அதில் நான்கு பக்கம் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். ஐந்தாவது பக்கத்துக்காக அவர் மாசி மாதத்து வெயிலிலும் குற்றாலம் வருவார். ஜப்பானில் நடப்பது இதுதான். காலிப் பக்கம் ஆளை இழுக்கும்.

தென்காசிக்கும் அப்படியே. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில். நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990இல் மீண்டும் உயர்ந்த ராஜகோபுரம். அந்த வாசலில் ஆளைத் தள்ளும் காற்று. 2025 ஏப்ரலில் கும்பாபிஷேகமும் ஆகியிருக்கிறது. ஒரு வட்ட முத்திரைக்குள் அந்தக் கோபுரத்தைச் செதுக்கினால் பார்த்தவுடன் எந்த ஊர் என்று தெரியும். பக்கத்திலேயே இலஞ்சிக் குமாரர், பண்பொழி திருமலைக் குமாரசுவாமி, சற்றுத் தள்ளிச் சங்கரன்கோவில். அருவியில் அரைநாள் குளித்துவிட்டு மாலையே வண்டி ஏறுகிற குடும்பத்தை இந்த நான்கு பக்கங்கள் ஓர் இரவு தங்க வைக்கும். ஓர் இரவு என்றால் விடுதி, இரண்டு வேளைச் சாப்பாடு, ஆட்டோ, காலைக் காப்பி.

நடைமுறையில் சிக்கல்கள் உண்டு. நம் பகுதிக் கோயில்கள் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளவை. சிதம்பரம் பொது தீட்சிதர்கள் நிர்வாகத்தில் உள்ளது. ஐந்து சபைப் புத்தகம் என்றால் இரு தரப்பாரும் இசைய வேண்டும். இசைந்தால் அடுத்த கேள்வி, புத்தகத்தை யார் விற்பது? கோயில் நிர்வாகமே அச்சடித்து, ஒரே ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டால் சன்னதித் தெருக் கடைகளுக்கு இதில் ஒரு காசும் வராது. முத்திரை கோயிலுடையது, அதற்கான காணிக்கை உண்டியலுக்கோ ரசீது புத்தகத்துக்கோ போகட்டும். புத்தகம் கடைக்காரருடையது. ஜப்பானியச் சட்டம் போட்ட கோட்டை நாமும் முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. சிவகாசி நமக்குப் பக்கம். கெட்டித் தாளில் மடிப்புப் புத்தகம் போடுவது அவர்களுக்குப் பெரிய வேலையல்ல. காலண்டர் வேலை முடிந்து இயந்திரம் ஓய்வாக உள்ள மாதங்களில் கேட்டால் விலையும் படியும்.

இரண்டாவது சிக்கல் கூட்டம். 2019 மே முதல் தேதி ஜப்பானில் புதிய மன்னர் பட்டமேற்று 'ரெய்வா' என்ற புது ஆண்டுக்கணக்கு பிறந்தது. முதல் நாள் தேதியிட்ட முத்திரைக்காக டோக்கியோ மெய்ஜி ஆலயத்தில் பத்து மணி நேரம் வரை மக்கள் வரிசையில் நின்றார்கள். வாங்கிய முத்திரையைக் கம்ப்யூட்டர் ஏலத்தில் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் உண்டு. தனித்தாளில் எழுதிக் கொடுப்பதால்தான் இந்த மறுவிற்பனைக்கு இடம் ஏற்படுகிறது. அவரவர் புத்தகத்தில்தான் முத்திரை என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை பாதி தீரும். 'சிறப்புத் தரிசன முத்திரை' என்று ஒன்றைக் கிளப்பி, விலையை ஏற்றும் யோசனை நம்மூரில் இரண்டாம் வருஷமே வரும் என்பது என் கணிப்பு. அதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்.

கோயில் சம்மதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. தபால் துறை நாட்டின் பல புகழ்பெற்ற தலங்களில் நிரந்தரச் சித்திர முத்திரை வைத்திருக்கிறது. வரைபடம் கொடுத்து, நம் ஊர்த் தபால் நிலையங்களுக்காகத் தலைமைத் தபால் அதிகாரிக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு விண்ணப்பம் போடலாம். ரயில் நிலையமும் உண்டு. ஜப்பானில் 1931இல் ஃபுகுயி என்ற ஊரின் ரயில் நிலையத்தில் பயணிகள் தாங்களே குத்திக்கொள்ள ஒரு நினைவு முத்திரையை மேசைமேல் வைத்தார்கள். அது பரவி, இன்று ஊருக்கு ஊர் ரயில் நிலையங்களில் இருக்கிறது. காசு இல்லை, வரிசை இல்லை. 2018இல் அகலப்பாதையாக மீண்டும் திறந்த செங்கோட்டை – புனலூர் வழியில், மலைக் குகைகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்க்கவென்றே ரயிலேறுகிறவர்கள் இருக்கிறார்கள். தென்காசி, செங்கோட்டை நிலையங்களில் ஆளுக்கொரு முத்திரை வைக்கச் சொல்லி ரயில்வேயைக் கேட்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

மையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியரின் பழைய முறைச் செம்மை, நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் அறிந்த அதே சாதிலிங்கத்தைப் பொடித்து, விளக்கெண்ணெயும் மூலிகை நாரும் சேர்த்துப் பிசைந்தது. நூறாண்டு ஆனாலும் வெளுக்காது என்பார்கள். ஆனால் சாதிலிங்கம் பாதரசச் சரக்கு. விரலில் ஒட்டிக்கொண்டு, அதே விரலால் பிரசாதம் எடுக்கும் இடத்தில் அது வேண்டாம். எழுதுபொருள் கடைகளில் விற்கும் நீரில் கரையாத சிவப்பு முத்திரை மை போதும். 'நீரில் கரையாத' என்பதைக் கவனித்து வாங்க வேண்டும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து புத்தகத்தை நீட்டுகிற ஊர் இது.