பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

"அக்கா, பிளேட்லெட் எவ்ளோ?" மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் லேபில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். ஹீமோகுளோபினைக் கேட்பவர் இல்லை, வெள்ளையணுவைக் கேட்பவரும் இல்லை. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே என்றதும் முகம் வாடிவிடும். பப்பாளி இலை தேடக் கிளம்பிவிடுவார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே டெங்கு என்று முடிவாகிவிடும்.

நான் வடசென்னையில், ராயபுரம் பக்கம் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். மலேரியாவிலும் தட்டணு குறையும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எப்போதாவது அல்ல, மலேரியா வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறையும். சென்னையில் அந்த நோயைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசு சாக்கடையை நாடாது. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்: மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டடம் கட்டும் இடத்தில் தேக்கிவைத்த தண்ணீர். "எங்க தெருவுல சாக்கடையே கிடையாதே" என்று வாதாடுபவர்கள் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டி மூடியைப் பார்த்துவிட்டு வரலாம்.

சிபிசி என்று டாக்டர் எழுதித் தந்தால் ஊதா மூடிக் குப்பியில் ரத்தம் எடுப்போம். மெஷின் அதை உறிஞ்சி, நீர்க்கச் செய்து, நுண்ணிய துளை ஒன்றின் வழியே அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பும். ஓர் அணு கடக்கும்போதெல்லாம் மின்னோட்டம் ஒரு கணம் தடைபடும். எத்தனை முறை தடைபட்டது என்பதிலிருந்து எண்ணிக்கை கிடைக்கும். எவ்வளவு தடைபட்டது என்பதிலிருந்து அணுவின் பருமன் கிடைக்கும். வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற இந்த உத்திதான் இன்றும் பல மெஷின்களின் அடிப்படை. ஆனால் எங்களிடம் உள்ளதுபோன்ற சாதாரண மெஷின் அணுவை எண்ணும். அதற்குள் யார் குடியிருக்கிறார் என்று சொல்லாது. அதற்கு ஸ்லைடு பார்த்தாக வேண்டும்.

கட்டட மேஸ்திரி ஒருவர் தன்னிடம் வேலை செய்யும் ஒடிசா இளைஞனைக் கூட்டிவந்தார். நாலு நாளாகக் காய்ச்சல். "டெங்குதானே மேடம்? சீக்கிரம் நம்பரைச் சொல்லுங்க" என்றார். ஹீமோகுளோபின் 9.8, வெள்ளையணு 3,900, தட்டணு 62,000. மூன்றுமே குறைவு. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் 70. இது 80க்கு மேல் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத வரி இது. எனக்குப் பிடித்த வரியும் இதுதான். மலேரியா சிவப்பணுவை உடைக்குமே தவிர, சில நாளில் அதைச் சிறுக்கவைக்காது. அணு சிறுத்திருந்தால் காய்ச்சலுக்கு முன்பே உடம்பில் ஒரு குறை இருந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவு. சில சமயம் பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு. ஆக, ஒரே காகிதத்தில் ஒரு பழைய நோயும் ஒரு புதிய நோயும் இருந்தன.

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு விரல் நுனியில் குத்தி ஒரே கண்ணாடித் துண்டில் இரண்டு பூச்சு போட்டேன். தடித்த பூச்சில் ரத்தம் குவிந்திருப்பதால் கிருமி கொஞ்சமாக இருந்தாலும் சிக்கும். மெல்லிய பூச்சில் அணுவின் உருவம் கெடாததால் எந்த வகைக் கிருமி என்று அடையாளம் காணலாம். சாயத்துக்கு ஜீம்ஸாவோ ஜே.எஸ்.பி.யோ பயன்படும். ஜே.எஸ்.பி. நம் நாட்டுச் சரக்கு. 1940களில் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் உருவாக்கியது. எண்ணெய் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் தடித்த பூச்சைக் குறைந்தது 100 ஃபீல்டு பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுதலாம். அவசரப்படுத்தினால் கோபம் வருவது இங்கேதான். நூறு ஃபீல்டை ஐந்து நிமிடத்தில் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

அந்த இளைஞனுக்கு நூறு வரை போக வேண்டியிருக்கவில்லை. மெல்லிய மோதிரங்கள், சில அணுக்களில் இரண்டிரண்டு. பால்சிபாரம். உயிருக்கு உலைவைக்கும் வகை. 200 வெள்ளையணுவை எண்ணி முடிப்பதற்குள் 150 கிருமி. வழக்கமாக வெள்ளையணு 8,000 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 6,000 கிருமி. சிபிசி காட்டிய 3,900ஐ வைத்தால் ஏறக்குறைய 2,900தான். குறைவு என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. முதிர்ந்த பால்சிபாரம் கிருமிகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும். விரல் ரத்தத்தில் தெரிவது ஒரு பங்குதான். அன்றே அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மலேரியாவில் ரத்தம் ஏன் இவ்வளவு குறைகிறது? கிருமி புகுந்த அணு உடைவது எல்லோருக்கும் புரியும். ஆனால் கிருமி தொடாத நல்ல அணுக்களையும் மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. பறிபோவதில் இவைதான் அதிகம். எலும்பு மஜ்ஜையில் புது அணு பிறப்பதும் மந்தமாகிறது. போதாததற்குக் காய்ச்சலின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டி, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் கிடங்கிலிருந்து அது வெளியே வருவதையும் அடைத்துவிடுகிறது. காய்ச்சல் உச்சத்தில் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் பெரிதாக ஏறாததற்கு இதுவே காரணம்.

உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் பரிசோதனையும் காய்ச்சலில் ஏமாற்றும். நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனால் பற்றாக்குறை. நோய்த்தொற்று இருக்கும்போது அந்த எண் தானாக உயரும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் கோட்டை 70க்கு ஏற்றி வைத்திருக்கிறது. காய்ச்சலோடு வந்தவருக்கு 50 என்று வந்தால் 'நார்மல்' என்று மகிழக்கூடாது.

அப்படியானால் எல்லோருக்கும் இரும்பைக் கொடுத்துவிட்டால் என்ன? தான்சானியாவின் பெம்பா தீவு அப்போது மலேரியா மிகுந்த இடமாக இருந்தது. அங்கே சிறு குழந்தைகளுக்கு, யாருக்குக் குறைவு என்று பார்க்காமல், எல்லோருக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் எண்ணிக்கை கூடியது. ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2006இல் வெளியான அந்த முடிவு இரும்பு கெடுதல் என்று சொல்லவில்லை. மலேரியா பரவிய இடத்தில் அந்த நோயைக் கவனிக்காமல் இரும்பு கொடுக்காதே என்றது. நம்மூர்க் கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டுச் சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்! 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11, மற்றப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 — ஹீமோகுளோபின் இவற்றுக்குக் கீழே போனால் ரத்தசோகை.

பரம்பரையும் இதில் கலந்திருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் உருவ அணுக் கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அது வந்தால் கடும் பால்சிபாரம் மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே வாழ்நாள் ரத்தசோகை.

பத்து இருபது நிமிடத்தில் கோடு காட்டும் கார்டு பரிசோதனை இருக்கும்போது ஸ்லைடு எதற்கு என்று கேட்பார்கள். முதல் முறைக்குக் கார்டு நல்லதுதான். ஆனால் பால்சிபாரத்துக்கான கோடு, நோய் குணமான பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கலாம். கிருமி எவ்வளவு, குறைகிறதா என்பதையும் அது சொல்லாது.

வைவாக்ஸ் வகை வேறு மாதிரி. கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்து மாதங்கள் கழித்தும் எழும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஹீமோகுளோபின் ஒரு படி இறங்கும். அதனால்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் தருகிறார்கள். காய்ச்சல் நின்றதும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரையே சிவப்பணுவை உடைக்கும் என்பதால் அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது.

காய்ச்சலோடு தட்டணு குறைந்திருந்தால், டெங்குப் பரிசோதனையோடு நிறுத்தாமல் "மலேரியா ஸ்லைடு பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். முதல் ஸ்லைடில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் அடுத்த நாள் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். மலேரியா குணமான பிறகும் ஒரு மாதத்துக்குள் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துவாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியாப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.