பேராசையும் அவலநாடகத் தலைவனும்

பேராசையால் அழிவோர் அனைவரும் அவலநாடகத் தலைவர் ஆவரோ? 1891-இல் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயத்தை நோக்குவோம். எம் ஓட்டப்பிடாரத்திற்கு அணித்தாய நெல்லையே அதன் கதைக்களம். அமைச்சன் குடிலன், பாண்டியன் சீவகனை மதுரை விட்டு நெல்லைக்கு வரச்செய்து, அவன் அரசைக் கவரச் சூழ்கின்றான். போரில் பாண்டியன் தோற்றதும், சுருங்கை வழியைச் சேரனுக்குக் காட்டிக்கொடுக்கத் துணிந்து, ஈற்றில் விலங்குடன் நிற்கின்றான். அவன்பால் நமக்கு இரக்கம் பிறப்பதில்லை.

ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தும் அரசினை வேட்டு, தன் இல்லத்து விருந்தாய் வந்த மன்னனைக் கொன்றான். அவன் குற்றமே பெரிது. ஆயினும் கொல்லுமுன் நடுங்கினான். கொன்றபின் உறக்கம் இழந்தான். தன்னைத் தானே இடித்துரைக்கும் அந்நெஞ்சன்றோ அவனைத் தலைவனாக்கிற்று! குடிலனது தனிமொழிகளிலோ சூழ்ச்சியே மிகுகின்றது. அந்நூலில் இரங்கத்தக்கான் யாரெனின், அவனை இறுதிவரை நம்பிய சீவகனே என்பேன்.